சுவர் சுமக்காத வீடுகள்

பீன்யாவில் பணிமனை நடத்துவோருக்கு ஒரு ‘ஷெட்’ எவ்வாறு எழும்புகிறது என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் அடித்தளக் கான்கிரீட்டில் போல்ட்டுகள் பதிக்கப்படுகின்றன. அவற்றின்மேல் இரும்புத் தூண்கள் நிறுத்தப்படுகின்றன. தூண்களின் தலைகளை இணைத்து உத்தரங்கள் ஏறுகின்றன. தகட்டுக் கூரையும் போர்த்தப்பட்டுவிடுகிறது. சுவர் எழும்புவது அதன் பிறகே. கையிருப்புக் குறைவாக இருந்தால் சில மாதங்கள் சுவரே இல்லாமலும் அக்கூரை நிற்கும். ஆகவே அங்கே பாரத்தைச் சுமப்பது சுவர் அன்று, சட்டகமே சுமக்கிறது. காற்றையும் மழையையும் வெளியார் பார்வையையும் தடுக்கும் திரையாகவே சுவர் பயன்படுகிறது.

இரும்பு மலிவாகக் கிடைக்காத காலத்தில் இதே வேலையை மரம் செய்தது. இங்கிலாந்தின் பழைய மதுவிடுதிகளும், பெங்களூரு கோட்டைக்குள் திப்பு சுல்தான் கட்டி முடித்த கோடைகால அரண்மனையும் பார்வைக்கு ஒன்றோடொன்று தொடர்பற்றவை. எனினும் இந்த ஒரு விதிப்படியே இரண்டும் நிற்கின்றன. தமிழ்நாட்டில் நம் முன்னோர் கட்டிய முற்றம் வைத்த வீடுகளிலும் பாதி இவ்விதிக்கு உட்பட்டதே.

இதனை ஒரு வங்கி இதழில் விளக்கப் புகுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் கிளைக்கு வரும் தமிழ் வாடிக்கையாளர்களில் பலருக்குச் சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் பூர்வீக வீடு இருக்கிறது. “வீடு பழசாகிவிட்டது, சுவர் வெடித்துவிட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கடன் வேண்டும். பழைய தேக்கை விற்றால் நம் பங்குத் தொகை தேறிவிடும்” என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் விண்ணப்பம். சுவர் வெடித்திருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வீட்டைத் தாங்கி நிற்பது அந்தச் சுவர்தானா என்பதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் மிகச் சிலரே.

நாங்கள் வணிகவியல் படித்தவர்கள், பொறியாளர்கள் அல்லர். இருப்பினும் மதிப்பீட்டாளர்களின் அறிக்கைகளைப் பல ஆண்டுகள் படித்ததிலும், அவர்களுடன் சில பழைய வீடுகளின் பரண்வரை ஏறிப் பார்த்ததிலும் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கோட்டைக்குள் ஒரு தேக்கு மாளிகை

பீன்யாவில் மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஏறினால், வண்டி மாறாமலே கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில், கோட்டை வெங்கடரமண சுவாமி கோயிலை அடுத்து, இவ்வரண்மனை இருக்கிறது. ஐதர் அலி 1781இல் தொடங்கிய கட்டுமானத்தை அவருடைய மகன் திப்பு 1791இல் முடித்தார். அதே 1791ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் காரன்வாலிஸ் தலைமையிலான படை பெங்களூரு கோட்டையைப் பிடித்தது என்பதை நினைத்தால், கட்டியவர் அதில் எத்தனைக் கோடையைக் கழித்திருப்பார் என்ற எண்ணம் எழாமல் இருப்பதில்லை.

திப்பு 1799இல் மறைந்தபின் இக்கட்டடம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அரசின் தலைமைச் செயலகம் சில காலம் இதற்குள் இயங்கியது. 1868இல் அட்டாரா கச்சேரி கட்டி முடிக்கப்பட்டதும் அலுவலகங்கள் அங்கே சென்றன. அட்டாரா கச்சேரி என்றால் பதினெட்டு அலுவலகங்கள் என்று பொருள். கோப்புகளோடு வாழும் எங்களைப் போன்றோருக்கு இச்செய்தியில் ஒரு தனி வியப்பு உண்டு: காகிதக் கட்டு எவ்வளவு கனக்கும் என்பது பதிவறையை மாற்றியவர்களுக்குத் தெரியும். காற்று வாங்குவதற்கென்று எழுப்பிய ஒரு மாளிகை, அரசாங்கத்தின் கோப்புகளையும் குமாஸ்தாக்களையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது.

எதிரே நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுபவை இரண்டு மாடி உயரத்திற்கு ஒரே வீச்சில் ஏறும் தேக்குத் தூண்கள். மேலே செல்லச் செல்லக் குறுகும் அத்தூண்களின் உடலில் நெடுக வரிகள் இழைக்கப்பட்டுள்ளன. தூணுக்கும் தூணுக்கும் இடையே பூவிதழ் விளிம்பு கொண்ட வளைவுகள். மாடியில் கிழக்கிலும் மேற்கிலும் உப்பரிகைகள். திப்பு அங்கிருந்தே அவை நடத்தினார் என்பர். மாடியின் மூலைகளில் நான்கு சிறு அறைகள். உட்சுவர்களில் ஒரு காலத்தில் பூவேலை ஓவியங்கள் நிறைந்திருந்தன. இன்று அவை பெரும்பாலும் மங்கிவிட்டன. சீரங்கப்பட்டணத்தில் 1784இல் எழுந்த தரியா தௌலத் மாளிகையைப் பார்த்தவர்களுக்கு இதன் சாயல் உடனே புலப்படும்.

அழகைச் சற்று ஒதுக்கிவிட்டுப் பாரம் செல்லும் வழியை மட்டும் தொடர்வோம். கூரையின் எடை உத்தரங்களில் இறங்குகிறது. உத்தரம் தூணின் தலையிலுள்ள போதிகையில் அமர்கிறது. போதிகை இருபுறமும் கைநீட்டி, உத்தரம் தாண்ட வேண்டிய இடைவெளியைக் குறைக்கிறது. தூண் அந்த எடையைக் கீழே கொண்டுவந்து ஒரு கருங்கல்லிடம் ஒப்படைக்கிறது. பூவிதழ் வளைவுகள் கல்வளைவுகளைப்போலத் தோன்றினாலும், கல்லும் கல்லும் நெருக்கி நிற்கும் உண்மையான வளைவுகள் அல்ல. எடையை உத்தரமே சுமக்கிறது. வளைவு அந்த மூலைக்கு அணியாகவும், ஓரளவு பிடிப்பாகவும் அமைகிறது.

தூண் நேரே மண்ணில் ஊன்றப்படாமல் கருங்கல்லின்மேல் நிற்பதுதான் இக்கட்டடத்தில் நாம் கவனிக்க வேண்டிய முதன்மையான செய்தி. மரத்தின் நார்கள் நெடுக்குவாட்டில் நுண்குழாய்களைப்போல் அமைந்தவை. வெட்டுமுகம் ஈரத்தைத் தொட்டால் அது மேல்நோக்கி ஏறும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சை பிடித்து மக்கத் தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் நூற்றாண்டுகள் கிடக்கும். கருங்கல் அந்த ஈரத்தை மேலே விடுவதில்லை. கறையானும் கல்லின்மேல் மண்புற்றுக் கட்டித்தான் ஏற வேண்டும். அதனால் நம் கண்ணில் பட்டுவிடும்.

லண்டன் மதுவிடுதியின் எலும்புக்கூடு

இனி ஆங்கிலேயர் வழியைப் பார்ப்போம். லண்டன் பாலத்துக்குத் தென்புறம் சதர்க் பகுதியில் ‘ஜார்ஜ் இன்’ என்ற மதுவிடுதி இருக்கிறது. 1676இல் அப்பகுதியில் பரவிய தீயில் பழைய கட்டடம் அழிய, 1677இல் மீண்டும் கட்டப்பட்டது. குதிரை வண்டிகள் நுழைந்து நிற்பதற்கு ஒரு முற்றம். முற்றத்தை நோக்கி மாடிதோறும் மரத் தாழ்வாரங்கள். தாழ்வாரத்திலிருந்து பயணிகளின் அறைகளுக்கு வாசல்கள். காரைக்குடிப் பக்கத்து வளவைப் பார்த்தவர்களுக்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. இரயில்வே நிறுவனம் தன் தேவைக்காக இரண்டு பக்கங்களை இடித்துவிட்டது. எஞ்சிய ஒரு பக்கம் மட்டும் இன்று நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. லண்டனில் தாழ்வாரத்துடன் எஞ்சிய வண்டிவிடுதி இது ஒன்றே. சார்லஸ் டிக்கன்ஸ் தம் ‘லிட்டில் டோரிட்’ நாவலில் இதனைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஊர்ப்புறங்களில் இதனினும் பழைய விடுதிகள் பல உள்ளன. அவற்றைக் கட்டிய முறை வேடிக்கையானது. தச்சர் வீடு கட்டும் இடத்துக்கு வருவதற்கு முன்பே தம் பட்டறைத் தரையில் முழுச் சட்டகத்தையும் படுக்கவைத்துச் சேர்த்துப் பார்ப்பார். ஒரு சட்டத்தின் முனையில் நாக்குச் செதுக்கி, மற்றொன்றில் அதற்கேற்ற துளை வெட்டி, இரண்டையும் குறுக்கே துளைத்து மரமுளை அடித்து இறுக்குவார். இரும்பாணி கிடையாது. ஒவ்வோர் இணைப்பிலும் ரோம எண்கள் போன்ற கீறல்களை உளியால் இடுவார். பிறகு எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றிக் கட்டுமிடத்தில் எண் பார்த்துச் சேர்ப்பார். பழைய விடுதிகளின் உத்தரங்களில் இக்கீறல்களை இன்றும் காணலாம். சட்டகம் நின்றபின் இடைவெளிகளில் குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்புவார்கள். சுவர் அவ்வளவுதான். நம் ஊரில் மண்சுவர் வைத்தவர்கள் அதனைப் பார்த்து வியக்கப்போவதில்லை.

நான்கு சட்டங்களைச் சதுரமாக இணைத்து ஒரு பக்கம் தள்ளினால் அது சாய்ந்துவிடும். தீப்பெட்டியின் உள்தட்டை எடுத்துவிட்டு மேலுறையை மட்டும் விரலால் அழுத்திப் பார்த்தால் இது விளங்கும். சாயாமல் இருக்க மூலையில் ஒரு சாய்வுக் கட்டை வேண்டும். அப்போது முக்கோணம் உண்டாகிறது, முக்கோணம் சாயாது. ஆங்கிலேய விடுதிகளின் முகப்பில் வளைந்து ஓடும் கட்டைகள் பெரும்பாலும் இந்த வேலைக்கு வந்தவையே. நம் நாட்டுக் கட்டடங்களில் அகன்ற போதிகைகளும், பின்புறத்துக் கனத்த செங்கற்சுவர்களும், கூரையின் கனமும் சேர்ந்து அவ்வேலையைச் செய்கின்றன.

அப்படியானால் ஆங்கிலேய விடுதிகள் கோணலாக நிற்பது ஏன்? திப்புவின் தூண்கள் நேராக நிற்க, அவை மட்டும் முதியவர் முதுகைப்போல் வளைந்திருப்பது ஏன்? மரமே காரணம். இங்கிலாந்தின் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே பயன்படுத்தினர். காய்ந்த ஓக் உளிக்கு எளிதில் இணங்காது. சேர்த்தபின் அது காயும். காயும்போது நெடுக்கில் ஏறத்தாழ மாறாமல், குறுக்கில் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். துளை சுருங்கி முளையை இறுகப் பற்றுவதால் இணைப்பு மேலும் உறுதிப்படுகிறது. உருவம் மட்டும் கோணுகிறது. தேக்கோ காய்ந்தபின் மிகக் குறைவாகவே அசையும். அதன் உள்ளிருக்கும் எண்ணெய்ப்பசை கறையானையும் பூஞ்சையையும் எளிதில் அண்டவிடுவதில்லை. இப்பண்பு மரத்தின் நடுப்பகுதியாகிய வைரத்துக்கு மட்டுமே உரியது. வெளிச்சுற்று வெண்மரத்துக்கு இல்லை. உள்ளே வயிரம் உடையதே மரம், புறத்தே வயிரம் உடையது புல் என்று தொல்காப்பியம் பகுத்திருப்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

ஒன்றில் நம் தச்சர்களுக்கே முதலிடம் தருவோம். ஆங்கிலேயர் ஒரு தாழ்ந்த கற்சுவரின்மேல் நெடிய மரச்சட்டத்தைப் படுக்கவைத்து, அதன்மேல் தூண்களை நிறுத்தினர். மழைநீர் தங்குவதற்கு அச்சட்டம் வாகான இடம். ஆகவே பழைய விடுதிகளில் முதலில் மக்குவது அதுவே. தூணுக்கு ஒரு கல்லாகத் தனித்தனியே பாதம் வைத்த முறையில், ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்.

இன்று ஆங்கிலேய மதுவிடுதி என்றதும் நினைவுக்கு வரும் கருப்புச் சட்டமும் வெள்ளைச் சுவரும் பெரும்பாலும் பிற்காலத்து வழக்கம். விக்டோரியா அரசியின் காலத்தில் பரவிய பாணி அது; அதற்கு முன் ஓக்கைச் சாம்பல் நிறத்தில் வெறுமனே விட்டிருப்பார்கள், அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். நுவரெலியாவின் கிராண்ட் ஹோட்டல் போன்ற மலைநகர்க் கட்டடங்களில் காணும் கருப்பு வரிகள் அப்பாணியின் வழிவந்தவை. பெங்களூரின் புதிய மதுவிடுதிகளில் கான்கிரீட் கூரைக்குக் கீழே ஒட்டியிருக்கும் உத்தரங்களோ எதையும் சுமப்பதில்லை. அவற்றைத் தட்டிப் பார்த்தால் உள்ளே வெறுமையாக ஒலிக்கும்.

நம் வீடுகளில் எது சுமக்கிறது?

தமிழ்நாட்டுப் பழைய வீடு பெரும்பாலும் கலப்பு முறையில் அமைந்தது. சுற்றுச்சுவர்கள் கனமானவை, அவை கூரையின் ஒரு முனையைத் தாங்கும். முற்றத்தை நோக்கிய மறுமுனையைத் தூண்களும் உத்தரமும் தாங்கும். மேலே கைமரமும் வரிச்சலும் நாட்டு ஓடும் இருக்கலாம்; அல்லது நெருக்கமாக அடுக்கிய மரக்கட்டைகள்மேல் செங்கல்லைக் குத்திட்டுச் சுண்ணாம்பில் பரப்பிய ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம் இருக்கலாம். ஆகவே விரிசல் எந்தச் சுவரில் என்பது முதல் கேள்வி. அறையைப் பிரிக்கும் உட்சுவரில் என்றால் பெரும்பாலும் பூச்சு வேலையோடு முடியும். உத்தரத்தின் முனை நுழையும் சுவரில், அதுவும் அந்த முனைக்கு நேர்கீழே என்றால் உடனே கவனிக்க வேண்டும்.

முழுவதும் மரத்தையே நம்பிய கட்டடத்தைப் பார்க்க விரும்புவோர் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிக்கும் இடம் அது. பூமுகத்தின் மேற்கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கப்பட்டிருப்பதைக் காட்டி வழிகாட்டிகள் பெருமைப்படுவர், பெருமைக்கு உரியதே. நாம் அங்கே கூரையின் சாய்வையும் பார்க்க வேண்டும். செங்குத்தாக இறங்கும் ஓட்டுக்கூரை சுவருக்கு வெகுதூரம் வெளியே நீண்டு முடிகிறது. தென்மேற்குப் பருவமழை அடித்தாலும் சட்டங்கள் எளிதில் நனைவதில்லை; நனைந்தாலும் கட்டையிடுக்கு வழியே வரும் காற்று உலர்த்திவிடும். கல்பாதம் மரத்தின் காலைக் காப்பதுபோல, நீண்ட இறவாரம் அதன் தலையைக் காக்கிறது. இவ்விரண்டும் பழுதின்றி இருந்தால் இடையில் உள்ளது நெடுங்காலம் நிற்கும்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், கடைசல் பட்டறை நடத்துபவர், புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள தம் குடும்ப வீட்டை இடிக்க முடிவுசெய்து வந்தார். சகோதரர்கள் மூவர். மரவியாபாரி பன்னிரண்டு தூண்களுக்கும் கதவு நிலைகளுக்கும் விலை சொல்லியிருந்தார். எங்கள் மதிப்பீட்டாளர் சென்று பார்த்தபோது, பன்னிரண்டில் இரண்டு தூண்களின் அடி மட்டும் ஓரடி உயரத்துக்கு மக்கியிருந்தது. அவ்விரண்டும் பிற்காலத்தில் கட்டிய குளியலறையை ஒட்டி இருந்தவை. அங்கே முற்றத்தின் தரையைச் சிமெண்ட் போட்டு உயர்த்தியதில் பாதக்கற்கள் புதைந்து போயிருந்தன. ஓர் உத்தரத்தின் முனை, ஓடு நழுவி ஒழுகிய இடத்தில் உளுத்திருந்தது. மற்றவை உறுதியாக இருந்தன. அறிக்கையைப் படித்துக் காட்டியதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு பில்லர் துருப்பிடிச்சா ஷெட்டையே பிரிச்சுப் போட்டுருவோமா, சார்?” என்றார்.

அந்த வீடு முழுமையாகத் தப்பியது என்று சொல்வதற்கில்லை. மூவரில் ஒருவர் தம் பங்கைப் பணமாகவே கேட்டார். பின்கட்டு விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. முன்கட்டும் முற்றமும் நிற்கின்றன. மக்கிய அடியை வெட்டி எடுத்துவிட்டு, காய்ந்த தேக்குத் துண்டைச் சாய்வெட்டில் பொருத்தி முளையடித்துச் சேர்த்தார்கள். கூரையைத் தற்காலிக முட்டுகளில் நிறுத்திவைத்து ஒவ்வொரு தூணாகச் செய்ய வேண்டிய வேலை அது. செலவு, புதுவீடு கட்டும் மதிப்பீட்டில் ஒரு சிறு பகுதியே ஆனது.

மரவியாபாரியின் கணக்கும் தவறானது என்று சொல்ல மாட்டோம். அது வேறொரு பொருளின் கணக்கு. எட்டு அங்குலச் சதுரமும் பத்தடி உயரமும் கொண்ட ஒரு தூண் நான்கரைக் கன அடிக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு தூண்கள் சேர்ந்தால் 53 கன அடி. அவர் விலை சொல்வது அந்த 53 கன அடி மரத்துக்கு. போதிகையின் வேலைப்பாட்டுக்கும், இணைப்பின் பொருத்தத்துக்கும், ஒரு கூரை ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது என்ற உண்மைக்கும் அக்கணக்கில் வரிசை இல்லை. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கிக் கிடக்கும் தூண்களையும் நிலைகளையும் பார்த்தவர்கள், அவை பின்னர் எந்த விலைக்கு எங்கெங்கோ செல்கின்றன என்பதையும் அறிவார்கள். அந்த இரண்டாவது விலை வீட்டுக்காரருக்கு வருவதில்லை.

பிரித்துச் சேர்க்கும் வாய்ப்பும் மரத்துக்கு உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்மாநிலங்களின் பழைய வீடுகள் பல பிரித்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் நிறுத்தப்பட்டுள்ளன. கான்கிரீட் வீட்டுக்கு அவ்வாறு மறுபிறவி கிடையாது.

சிமெண்ட் செய்யும் கெடுதல்

மேலே சொன்ன புதுக்கோட்டை வீட்டின் கோளாறு அரிதானது அன்று. பழைய வீடுகளில் நாங்கள் காணும் பழுதுகளில் பாதிக்கு மேல் பழுதுபார்த்ததால் வந்தவை. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். தங்கிய ஈரம் சுவருக்குள் நுழைந்திருக்கும் உத்தர முனையைத் தேடிச் செல்லும். வெளியே சுவர் பளபளவென்று இருக்க, உள்ளே மரம் மாவாகிக்கொண்டிருக்கும். இங்கிலாந்திலும் சென்ற நூற்றாண்டில் களிமண் பூச்சை நீக்கிச் சிமெண்ட் பூசிய பல மரச்சட்டக வீடுகளுக்கு இதே கதி நேர்ந்தது. இப்போது அங்கே சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பு பூசுகிறார்கள். தூண்களுக்கு எனாமல் பெயின்ட் அடிப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

தீயைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. 1666இல் லண்டன் நகரம் எரிந்தபின், அடுத்த ஆண்டே வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது உண்மை. ஆனால் மெல்லிய பலகை எரிவதும் கனத்த தூண் எரிவதும் ஒன்றல்ல. கனத்த மரத்தின் மேற்பரப்பு கரியானதும் அக்கரியே உள்மரத்துக்குக் கவசமாகிறது. தீ உள்ளே செல்லும் வேகம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பாதுகாப்பற்ற இரும்போ 550 டிகிரி செல்சியஸ் அளவில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்து வளையும். பழைய வீடுகளில் நாங்கள் உண்மையாக அஞ்சுவது, மரப்பட்டைகளின்மேல் ஓடும் ஐம்பது ஆண்டுப் பழைய மின்கம்பிகளைத்தான். தூணைத் தொடுவதற்கு முன் ஒயரிங்கை மாற்றுங்கள்.

கடனுக்கு வரும் முன்

பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் வங்கிகள் கடன் தருகின்றன. அக்கடனுக்கு நாங்கள் பார்ப்பது இரண்டு: பத்திரம் தெளிவாக இருக்கிறதா என்பது ஒன்று, கட்டடத்தின் எஞ்சிய ஆயுள் கடன்காலத்தை விட நீளமானதா என்பது மற்றொன்று. இரண்டாவதில்தான் மரவீடுகள் அநியாயமாகத் தோற்கின்றன. கட்டிய ஆண்டை மட்டும் பார்த்து ஆயுள் முடிந்தது என்று எழுதிவிடுவது எளிது. அடிக்கடி கான்கிரீட்டையே பார்க்கும் கண்ணுக்கு நூறாண்டு என்பது பெரிய எண். ஆகவே பழங்கட்டடங்களில் பழக்கமுள்ள பொறியாளரிடம், தூண்வாரியாகவும் உத்தரவாரியாகவும் நிலையைக் குறித்த அறிக்கை ஒன்றைப் பெற்று, எளிய வரைபடத்துடன் இணைத்துத் தாருங்கள். பூர்வீகச் சொத்தில் பங்காளிகளின் ஒப்புதல் இல்லாமல் எந்த அறிக்கையும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மக்கிய தூண்களைவிட அதனால் நின்றுபோன விண்ணப்பங்களே அதிகம்.

காப்பீட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. சுவரோ கூரையோ மரப்பலகையால் ஆன கட்டடத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாகக் ‘கச்சா’ வகையில் சேர்ப்பார்கள். செங்கற்சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்டு, உள்ளே தூண்கள் மட்டும் மரமாக இருக்கும் வீடு அவ்வகையில் வர வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் ‘மரவீடு’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடாமல், சுவர் எது, கூரை எது, தூண் எது என்று பிரித்து எழுதுங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா திட்டத்தில் வீட்டின் காப்பீட்டுத் தொகை தரைப்பரப்பையும் கட்டுமானச் செலவு விகிதத்தையும் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. சாதாரணக் கான்கிரீட் வீட்டின் விகிதத்தைப் போட்டால், ஒரு தேக்குத் தூணை மாற்றும் செலவு அதற்குள் அடங்காது. விகிதத்தை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கோயில், கோட்டை, அரண்மனை போன்றவற்றுக்கு அருகில் வீடு உள்ளவர்கள் மற்றொன்றையும் விசாரிக்க வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையால் பாதுகாக்கப்பட்ட சின்னமாயின், 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட முடியும். தடைப்பகுதிக்குள்ளும் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். அங்கே அவசரப்பட்டு இடித்துவிட்டவர் புதிதாக எழுப்ப இயலாமல் வெறும் மனையோடு நிற்க நேரும். மனைப்பத்திரத்தோடு இந்தத் தூரத்தையும் அளந்துகொண்டு வருமாறு நாங்கள் கேட்பது அதனால்தான்.

வீட்டைப் பார்வையிட ஏற்ற காலம் மார்கழி. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு போனால் ஒழுகிய இடங்களின் கறை ஓட்டுக்குக் கீழே ஈரமாகவே தெரியும். கோடையில் போனால் எல்லா மரமும் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். ஒரு மெல்லிய திருப்புளியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். தூணின் அடியிலும், உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்திலும், இரண்டு கூரைகள் சேர்ந்து நீர் வடியும் மூலையிலும் அதனை அழுத்திப் பாருங்கள். கால் அங்குலம்கூட இறங்காவிட்டால் அந்த மரத்துக்கு விலை பேச வேண்டாம். இறங்கினால், எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு பொறியாளரை அழையுங்கள்.